அப்பாவின் புத்தகமும் அம்மாவின் முட்டும்

எங்கள் பக்கத்தில் கால் மூட்டை முட்டு என்றுதான் சொல்வோம். அம்மாவுக்கு இரண்டு முட்டும் போய்விட்டன. எலும்பும் எலும்பும் உரசுகிறது, இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான் என்று நாகர்கோவிலில் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கான பணம் இருந்தது. அப்பா உயிரோடு இருந்தபோதே அம்மாவின் பெயரில் வங்கியில் போட்டு வைத்திருந்தார். பிறகு அவர் இறந்தார். துக்க வருஷத்தில் கத்தி வைக்க வேண்டாம், ஓராண்டு கழியட்டும் என்றாள் அம்மா. நானும் சரி என்றேன். அந்த ஓராண்டில்தான் எல்லாம் கெட்டது.

அப்பா கீரிப்பாறைக்கு அந்தப் பக்கம் மலையில் ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். வேலையில் இருந்த காலம் முழுக்க அங்கேயே தங்கல். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவார், திங்கள் விடியும் முன் போய்விடுவார். எனக்கு அப்பா என்றால் வாரத்தில் ஒரு நாள். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் வாழைக்குத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். அப்புறம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். கோடு போட்ட முழுத்தாள், நீல மை, வரிக்கு வரி நெருக்கி. காலையில் ஒரு சாயா, பதினொரு மணிக்கு ஒரு சாயா. பக்கத்தில் அம்மா உட்கார்ந்து பயறு உரிப்பாள், கீரை ஆய்வாள். எழுதி முடித்து, தாள்களைச் சணல் கயிற்றால் கட்டி அலமாரியில் வைத்தார். அதற்கப்புறம் ஒரு மழைக்காலம்தான் இருந்தார்.

நான் ஒற்றை மகள். மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் வேலை நிமித்தம் வெளியூர். அப்பா போன பிறகு அம்மாவோடு வந்து தங்கிவிட்டேன். ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மா அந்தத் தாள்கட்டை மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஓராண்டுக்கு இது புத்தகமா வரணும் மக்கா."

"வரட்டு. யாரு போடுவா?"

"நாமதான்."

"பைசா?"

அம்மா தன் முட்டைத் தடவினாள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"முட்டுப் பைசாவில கை வச்சா நான் இந்த வீட்டுல நிக்க மாட்டேன், கேட்டியா."

"எனக்க முட்டுதானே? உனக்க முட்டு இல்லியே." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "ஒரு முட்டு உனக்க அப்பாவுக்கு. மத்த முட்டு எனக்கு. ஒரு காலை மாத்திட்டா மெதுவா நடந்துக்கிடலாம்."

வாழ்நாளில் எதையும் இப்படி அடம்பிடித்துக் கேட்டவள் இல்லை. கல்யாணச் சேலையைக்கூட யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்ததைக் கட்டியவள். இதற்கு மட்டும் எங்கிருந்து இந்தப் பிடிவாதம் வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நான்கு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். அவளும் பேசாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் நான் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் நாகர்கோவிலில் ஒரு பதிப்பாளரைப் பார்த்தேன். நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, நாலு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னார். "டீச்சர், உயிரோட இருக்கிற ஆளு எழுதினா அவரே நூறு பிரதி வாங்குவாரு. கூட்டத்துல பேசுவாரு. தெரிஞ்சவங்க கையில திணிப்பாரு. செத்தவரு புத்தகத்துக்குப் பின்னால யாரு அலைவா?" வேண்டுமானால் முழுச் செலவையும் நாங்களே போட்டால் அச்சடித்துத் தருவதாகச் சொன்னார். அதற்கு அவர் எதற்கு? மார்த்தாண்டத்திலேயே அச்சகம் இருக்கிறதே என்று வந்துவிட்டேன்.

அச்சகக்காரர் பதிப்பாளரைப் போல இல்லை. வாய் நிறையச் சிரிப்பு. ஐநூறு போட்டாலும் ஆயிரம் போட்டாலும் செலவில் பெரிய வித்தியாசம் வராது, ஆயிரமே போட்டுவிடலாம் என்றார். நூலக ஆர்டர் கிடைத்தால் ஒரே வீச்சில் போட்ட காசு திரும்பிவிடும் என்றார். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு, "கிடைக்கும் டீச்சர், மனசு வைங்க" என்றார். இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு லாப நட்டம் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தக் கணக்கைப் போட்டு அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போடக்கூட இல்லை. "ஆயிரமே இருக்கட்டு" என்றாள்.

முதல் பக்கத்தில் வெளியீடு என்று யாராவது ஒருவர் பெயர் வர வேண்டுமாம். அப்பா இல்லை. நான் அரசு சம்பளம் வாங்குகிறவள், எதற்கு வம்பு. அம்மாவின் பெயரையும் வீட்டு முகவரியையும் போட்டார்கள். கல்யாணக் கார்டுக்குப் பிறகு தன் பெயர் அச்சில் வந்தது இதுதான் என்று அம்மா அந்தப் புரூப் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

பிழை திருத்த எங்கள் பள்ளித் தமிழ் ஐயா ஒப்புக்கொண்டார். அவர் ஒற்றுப்பிழை பார்த்தார். எந்த ஆளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. நான் வாசிக்கவே இல்லை. முட்டை விற்று அச்சடிக்கிற புத்தகத்தை வாசிக்க மாட்டேன் என்று எனக்கு ஒரு வீம்பு. அம்மா ஒருத்திதான் முழுக்க வாசித்தவள். எழுதினவர் கல்லறையில். உயிரோடு இருக்கிற ஆள் என்றால், இந்த இடம் வேண்டுமா, இதை எடுத்துவிடலாமா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அவரும் யோசித்துவிட்டு, ஆமாம் எடுத்துவிடு என்பார். செத்தவர் எழுதியதில் யார் கை வைப்பது? ஒரு வரியை அடித்தால் அவரையே அடித்த மாதிரி இருந்தது அம்மாவுக்கு. எழுதியது எழுதியபடியே போனது.

அதில் ஒரு விஷயம் எங்களுக்குத் தோன்றாமலே போய்விட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவரை வெறும் பெயரால் சொன்னால் யாருக்கும் விளங்காது. ஒரே பெயரில் சபையில் பத்துப் பேர் இருப்பார்கள். அதனால் வீட்டுப் பெயர், அப்பன் பெயர், வட்டப் பெயர் எல்லாம் சேர்த்துத்தான் ஆளைச் சொல்வோம். அப்பாவோ தோட்டத்தில் தினமும் ஆள்வரவு எழுதிய கை. யாரையும் பாதியில் விடமாட்டார். புத்தகத்தில் வருகிற ஒவ்வொரு ஆளும் வீட்டுப் பெயரோடு, ஊரோடு, இன்னாரின் மகன் என்ற அடையாளத்தோடு வந்து நின்றான். எங்களுக்கு அது சாதாரணமாகவே பட்டது. நாங்கள் பேசுவதே அப்படித்தானே.

ஓராண்டு நினைவு ஜெபத்துக்கு ஆலயத்தை ஒட்டிய கூடத்தைப் பிடித்தோம். என் திட்டம் இதுதான். ஜெபம் முடிந்ததும் போதகர் முதல் பிரதியை வெளியிடுவார். வாசலருகே ஒரு மேஜை போட்டு நான் உட்கார்வேன். அட்டையில் விலை போட்டிருக்கிறது. வந்தவர்களில் பாதிப் பேர் வாங்கினாலும் அம்மாவின் முட்டில் பாதி திரும்பிவிடும். மேஜைக்கு விரிப்புகூட வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன்.

நினைவு நாளில் வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் சாப்பாட்டுப் பொட்டலமும் ஒரு ஞாபகப் பொருளும் பையில் போட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். சிலர் எவர்சில்வர் டப்பா கொடுப்பார்கள், சிலர் ஜெபப் புத்தகம். பை கொடுக்கும் பொறுப்பை அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எடுத்திருந்தார். நான் போதகரோடு பேசிவிட்டுத் திரும்புவதற்குள் கட்டுகள் பிரிந்து கிடந்தன. சித்தப்பா ஒவ்வொரு பையிலும் பொட்டலத்துக்கு அடியில் ஒரு புத்தகத்தைச் செருகிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அது விக்கியதுக்கு வச்சது."

அவர் கையை நிறுத்தவில்லை. "நினைவு நாளுல நின்னு பைசா வாங்குவியா பிள்ள? அண்ணனுக்க சாவை வித்துத் தின்னாவன்னு ஊரு சொல்லாதா?"

"விலை போட்டிருக்கு, பாருங்க."

"போட்டிருக்கட்டு. இன்னைக்கு வாங்கப்பிடாது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் கொடுமை. எந்த வீட்டிலும் நினைவு நாளில் கைநீட்டிக் காசு வாங்கி நான் பார்த்ததில்லை. மொய்கூட வைக்க மாட்டார்கள். அந்த நாளிலா புத்தகத்தை வெளியிடுவது? இது எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. ஓராண்டுக்கு வர வேண்டும் என்று அவள் சொன்னாள், நான் நாளைக் குறித்துக் கொடுத்தேன். அப்பாவோடு தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வெட்கப்பட்டு நோட்டை மடித்து வைத்துக்கொண்டார். நான் விரித்த விரிப்பின்மேல் யாரோ தண்ணீர் ஜக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

கொடுக்கத் தொடங்கியபின் கணக்கு வழக்கே இல்லை. அக்காவுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, கேரளாவில் இருக்கிற மருமகனுக்கு ஒன்று என்று அள்ளிக்கொண்டு போனார்கள். ஓசி என்றால் நம் ஜனங்களுக்குக் கை நீளும். அம்மா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் வெகுகாலமாகப் பார்த்ததில்லை.

"எல்லா வீட்டுக்கும் போச்சு, இல்லியா மக்கா?" என்று ஆட்டோவில் வரும்போது கேட்டாள்.

"போச்சு. உனக்க ஒரு முட்டும் கூடப் போச்சு."

அவள் சிரித்த முகமாகவே வந்தாள்.

மிச்சம் இருந்ததைப் புத்தகக் கடைகளில் கொடுத்தேன். விற்றால் பணம், அதிலும் நூற்றுக்கு நாற்பது அவர்களுக்கு. இரண்டு மாதம் கழித்துப் போனபோது கட்டு பிரிக்காமல் திரும்பத் தந்தார்கள். நூலக ஆர்டர் என்ற பேச்சை அச்சகக்காரர் எடுக்கவே இல்லை. போகட்டும், இன்னொரு முட்டு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு டாக்டரிடம் நாள் வாங்கினேன்.

அந்த நாளுக்கு முன்பே அந்தப் படம் வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர் தன் போனை என்னிடம் நீட்டினாள். "இது உங்க அப்பா புத்தகம்தானே?" ஒரு பக்கத்தின் படம். நடுவில் சிவப்பு வட்டம். தோட்டத்தில் ஸ்டோர் பொறுப்பில் இருந்த ஒருவர், ரப்பர் மரத்துச் சிரட்டையில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை மூட்டை கட்டி, இலைக்கட்டுக்கு அடியில் மறைத்து ஜீப்பில் மலையிலிருந்து இறக்கி விற்றதை அப்பா விவரமாக எழுதியிருந்தார். வீட்டுப் பெயர், அப்பன் பெயர், வட்டப் பெயர், ஒன்றுக்கும் குறைவில்லை. அந்த ஆள் செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அவருடைய மகன் மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்து நன்றாக இருக்கிறார். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. படம் குரூப் குரூப்பாகச் சுற்றி, கடைசியில் பையன் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த ஹார்டுவேர்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்து நான் வாசலை மறித்து நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. உள்ளே வந்து, அப்பா எழுதின அதே மேஜையின் முன்னால் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, எங்க அப்பன் கள்ளன்னு என் மகளுக்க மாமனாருக்கு போன்ல வந்திருக்கு. நான் என்ன சொல்லணும்?"

அம்மா மெதுவாகச் சொன்னாள். "அவரும் செத்துப் போனாரு, இவியளும் செத்துப் போனாவ. ரெண்டு பேரும் இல்லியே, யாருக்கு நோவும்னு நெனச்சேன் பிள்ள."

"நான் இருக்கேன்லா" என்றார் அவர்.

அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. எழுதினவர் பெயருக்கு வரவில்லை. வெளியீடு என்று அச்சிட்டிருந்தோமே, அந்தப் பெயருக்கு. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். மானநஷ்டம், இழப்பீடு, இத்தனை லட்சம் என்று இருந்தது. தபால்காரர் போன பிறகு அவள் அதை என்னிடம் நீட்டிவிட்டு, "இதுல என் பேரைத் தப்பில்லாம எழுதியிருக்கான்" என்றாள்.

நாங்கள் பிடித்த வக்கீல் எனக்கு முன்னாள் மாணவன். மரியாதையாகத்தான் பேசினான்.

"நேரு எழுதினதுக்கு கேஸா?" என்று அம்மா கேட்டாள். உண்மையை எங்கள் பக்கத்தில் நேரு என்போம்.

"நேரா பொய்யாங்கிறது ரெண்டாவது காரியம் அம்மா. நேருன்னு சொல்லி கூண்டுல யாரு ஏறுவா? பாத்தவரு கல்லறையில. எழுதினவரும் அவருதான். கேஸ் நிக்காதுன்னு வச்சுக்கிட்டாலும் வருஷக்கணக்கா நடத்தணும். நடத்தியதுக்கு ஆவியது யாருக்க பைசா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பையன் சொன்னதில்தான் எல்லாம் இருந்தது. உயிரோடு இருப்பவர் தப்பாக எழுதினால் அவரே போய் மன்னிப்புக் கேட்பார், இல்லையென்றால் மார்தட்டி நிற்பார். செத்தவர் எழுதினதற்கு நாம் மன்னிப்பும் கேட்க முடியாது, நிற்கவும் முடியாது. பணத்தை மட்டும் கட்டலாம்.

கடைசியில் சமரசம் ஆயிற்று. ஹார்டுவேர்காரர் இழப்பீடு வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு தரப்பு வக்கீல் செலவையும் நாங்கள் ஏற்க வேண்டும். அம்மா ஒரு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். ஊரில் உள்ள பிரதிகளையெல்லாம் திரும்ப வாங்கி, அந்தத் தாளைக் கிழித்து, கிழித்த தாள்களை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். மை பூசி மறைத்தால் போதாதா என்று கேட்டேன். "வெயிலுக்கு நேரா பிடிச்சா தெரியும் டீச்சர். தாளு எனக்க கையில வரணும்" என்றார். அவருடைய மகள் கல்யாணம் அந்தரத்தில் தொங்கும்போது அவரிடம் என்ன பேரம் பேசுவது?

டாக்டரிடம் வாங்கிய நாளைத் தள்ளிப்போட்டேன். பிறகு ரத்து செய்தேன். வைப்பில் இருந்ததை முழுக்க எடுத்து, வங்கிப் புத்தகத்தைக் கைப்பைக்குள் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அப்பாவைத் திட்டினேன். கேட்கவா போகிறார்.

அப்புறம் வீடுவீடாக அலைந்தது இருக்கிறதே, அதை எந்த எதிரிக்கும் நான் விரும்ப மாட்டேன். பள்ளி விட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கிற முதல் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். சிலர் முகம் சுளித்தார்கள். பலருக்கு அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு வீட்டில் இன்வெர்ட்டருக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தது. ஒரு வீட்டில் பிள்ளை அட்டையில் பூனை வரைந்திருந்தது. பெரும்பாலும் நினைவு நாள் பையோடேயே ஆணியில் தொங்கியது, உள்ளே பொட்டலம் கட்டின ரப்பர் வளையம் உட்பட. சித்தப்பா வீட்டில் அலமாரிமேல் நாலு பிரதிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, புதுமை கலையாமல். "வாசிச்சிங்களா சித்தப்பா?" என்று கேட்டேன். "கண்ணு தெரியல்ல பிள்ள. சின்னவன் வந்தா வாசிக்கச் சொல்லணும்" என்றார். சின்னவன் சவூதியில் இருக்கிறான்.

தினமும் வந்து அம்மாவிடம் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். "ஒரு மனுசன் திறந்து பாக்கல்ல. தன்னைப் பத்தி வந்திருக்கான்னு நாலு பேரு புரட்டியிருக்காவ. அதுல ஒருத்தன்தான் போன்ல படம் பிடிச்சிருக்கான். அவ்வளவுதான் அப்பாவுக்க வாசகரு." அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் வாக்கர் வந்துவிட்டிருந்தது, சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொள்வாள். "அந்தக் கடைசி வீட்டுக்காரியும் வாசிக்கல்லியா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். "சித்தி?" என்று கேட்பாள். சித்தப்பாவின் மனைவியைத்தான். "சித்திக்கு டிவி பாக்கவே நேரம் இல்ல" என்பேன்.

கிடைத்த பிரதிகளை எல்லாம் வரவேற்பறையில் சுவரோரம் அடுக்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிழிக்க உட்கார்ந்தோம். அம்மாவால் கீழே உட்கார முடியாது. மேஜையில் உட்கார்ந்தாள். ஸ்டீல் ஸ்கேலைத் தாளின் உள்ளோரத்தில் அழுத்தி வைத்து, ஒரே இழுப்பு. நான் புத்தகத்தைத் திறந்து நீட்டுவேன், அவள் கிழிப்பாள். கீரை ஆய்கிற மாதிரி நிதானமாகச் செய்தாள். கிழித்த தாள்கள் அவள் இடது பக்கம் உயர்ந்துகொண்டே வந்தன.

ஒரு தாள் வழுக்கிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். அது மறுபக்கம் மேலே இருக்கும்படி விழுந்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. குனிந்தபடியே வாசித்தேன்.

"அதே மாதம் தம்பி வீட்டில் இருந்த என் அம்மா கிடப்பில் ஆனாள். கிணற்றுப் பங்கு விஷயமாகத் தம்பியோடு நான் முறித்துக்கொண்டிருந்த சமயம். அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, இதை வெளியே சொல்லவும் கூடாது என்று என் மனைவியிடம் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் வாங்கியவன் நான். அவள் அழுது கேட்டாள், கஞ்சியாவது கொடுத்துவிட்டு வருகிறேன் என்று. நான் விடவில்லை. அம்மா இறந்த பிறகு ஊர் அவளைத்தான் சொன்னது. நான் மலையில் இருந்தேன். அவள் இன்றுவரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை."

ஊர் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும். நான் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். கிடப்பில் கிடந்த மாமியாரை எட்டிப் பார்க்காதவள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்காதவள். சித்தி எந்தக் கல்யாண வீட்டிலும் அம்மா பக்கத்தில் உட்கார மாட்டாள். பெண்கள் கூட்டத்தில் அம்மா ஜெபிக்க எழுந்தால் பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடும். எனக்குப் பெண்பார்க்க வந்தவர்கள்கூட அதை விசாரித்துவிட்டுத்தான் வந்தார்கள். நானே ஒரு தடவை, சின்ன வயதில், கோபத்தில் அவளிடம் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அன்றும் அவள் பதில் பேசவில்லை. சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தாளே.

நான் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"இதை நீ வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"எப்ப?"

"அவிய எழுதின அன்னைக்கே. எழுதிட்டு எனக்க பக்கம் தள்ளி வச்சிட்டு வாழைக்குத் தண்ணி விடப் போனாவ. வாயால ஒண்ணும் சொல்லல்ல."

"இதுக்குத்தானா அம்மா? இந்த நாலு வரிக்கா முட்டைக் கொடுத்த?"

அவள் ஸ்கேலைக் கீழே வைத்தாள். "நான் சொன்னா யாரு நம்புவா மக்கா? இது அவியளுக்க கையால எழுதினது. அச்சில வந்தா எல்லா வீட்டுக்கும் போவும். எல்லாரும் அறிவாவன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் ஒட்டுப்பால், பின்பக்கம் அம்மா. ஒன்றைக் கிழித்தால் மற்றதும் போய்விடும். "நிறுத்து, கிழிக்காதே" என்றேன். "அச்சகக்காரன்கிட்ட கேக்கேன். இந்தப் பக்கத்தை மட்டும் தனியா அடிச்சு எல்லாத்துலயும் ஒட்டிருவோம். நான் லோன் போடுறேன். வீடுவீடா நானே கொண்டுபோய்க் கொடுக்கேன்."

அம்மா அடுத்த புத்தகத்துக்காகக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அவளே எட்டி எடுத்தாள். பக்கத்தைத் தேடிப் பிடித்து, ஸ்கேலை வைத்து அழுத்தினாள்.

"அந்தப் படம் ஊரு முழுக்கப் போச்சே மக்கா. நீயும் பாத்தியே. பிடிச்சவன் கையில புத்தகம் இருந்துது. தாளைத் திருப்பினானா? அனுப்பினவளுவ, வாங்கினவளுவ, யாராவது ஒருத்தி அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உன்கிட்ட கேட்டாளா?"

"இல்ல அம்மா" என்றேன்.

அவள் தாளைக் கிழித்தாள்.